பொருள்: தெர்மிஸ்டருக்குத் தமிழ்ச்சொல் தேவை, கொஞ்சம் அவசரம்

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் பாலிடெக்னிக் மாணவர்கள் ஒரு பழைய கார்பரேட்டர் காருக்குத் தாங்களே எரிபொருள் உட்செலுத்தும் அமைப்பு கட்டுகிறார்கள். செய்முறைக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. எஞ்சினைச் சுற்றும் நீரில் ஒன்று, உள்ளே போகும் காற்றில் ஒன்று என இரண்டு டெம்பரேச்சர் சென்சார். இரண்டும் தெர்மிஸ்டர்தான்; சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. பழைய பதிப்பில் ‘வெப்பத்தடை’ என்று இருக்கிறது. ஒரு மாணவர் அதைச் சூடு தாக்காமல் காக்கும் உறை என்றே எண்ணிவிட்டார். அவர்மேல் குற்றமில்லை. வேறு சொல் தாருங்கள்.
– கிண்டி

வெம்மை + தடையம் (ரெசிஸ்டர்) = வெந்தடையம். செந்தமிழ் போல. சென்சாருக்கு ‘உணரி’ வேண்டாம். ஊரார் உண்ணும் நீர்நிலை ஊருணி. உண்பது ஊர், உண்ணப்படுவது ஊருணி. அந்தக் கணக்கில் உணரி என்பது உணரப்படும் பொருளாகிவிடும். தொல்காப்பிய மரபியல் தொடுபுலனை உற்றறிவு என்கிறது. நீரைத் தொட்டறியும் கருவிக்கு ‘உற்றறிவி’ எவ்வளவு பொருத்தம்!
– மாம்பலம்

மாம்பலம் ஐயா, மண்வெட்டியில் இருக்கும் இகரம் என்ன செய்கிறது? வெட்டும் கருவி என்றுதானே பொருள்? உணரி எல்லாருக்கும் பழகிவிட்டது, விட்டுவிடுங்கள். அப்புறம், வெந்தடையத்தை வீட்டில் சொல்லிப் பார்த்தேன். “வெந்த அடையா?” என்கிறார்கள்.
– அண்ணாநகர்

வெந்த + அடை புணர்ந்தால் உடம்படுமெய் பெற்று ‘வெந்தவடை’ ஆகும். வெந்தடை ஆகாது. இலக்கணம் தெரிந்தவர்களுக்குக் குழப்பமே வராது.
– மாம்பலம்

நான் பட்டறைக்காரன். கடையில் போய் வெந்தடையம் கேட்டால் பக்கத்து மெஸ்ஸைக் காட்டுவார்கள். பெயர் எதுவானாலும், இரண்டும் ஒரே மாதிரி சென்சார் இல்லை என்பதை எழுதுங்கள். நீருக்குப் பித்தளை உறைக்குள் மூடியது போதும். காற்றுக்கும் அதையே மாட்டினால் எஞ்சின் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, காற்று குளிர்ந்த பிறகும் சூடு என்றே சொல்லும். அதற்கு முனை திறந்த வகை வேண்டும். காற்று 20 டிகிரியிலிருந்து 50க்குப் போனால் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறைக்கப்படும். பொய்ச் சூடு காட்டினால் பெட்ரோல் பற்றாமல் வண்டி திணறும். இன்னொன்று, புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து கழற்றி விற்கும் சென்சாருக்கு, எந்தச் சூட்டில் எவ்வளவு மின்தடை என்ற பட்டியல் கிடைக்காது. 20 டிகிரியில் ஒன்று 2.5 கிலோ ஓம் காட்டும், வேறொன்று 3.5 காட்டும். ஐஸ் தண்ணீர், அறைச்சூட்டுத் தண்ணீர், கொதிநீர் மூன்றிலும் மல்டிமீட்டரால் அளந்து, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஈ.சி.யூ. என்ற எஞ்சின் கணினியில் ஏற்றச் சொல்லுங்கள்.
– புதுப்பேட்டை

‘வெப்ப உணரி’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். வெப்பம் ஆற்றல், இங்கே அளப்பது வெப்பநிலை.
– தாம்பரம்

அப்படியென்றால் வெப்பமானியை என்ன செய்வது?
– அண்ணாநகர்

சரி, அச்சகத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ‘நீர் வெப்பநிலை உணரி’, ‘காற்று வெப்பநிலை உணரி’ என்று போடுகிறேன். தெர்மிஸ்டர் அப்படியே இருக்கட்டும். பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள், அல்லது பேசாமல் இருந்துவிட்டார்கள். பட்டறை அண்ணன் சொன்னது தனிப் பக்கமாகச் சேர்கிறது.
– கிண்டி

என் மறுப்பைப் பதிவு செய்க. கிரந்தம் தவிர்த்துத் ‘தெர்மித்தர்’ என்றாவது எழுதியிருக்கலாம். அது கிடக்கட்டும், உட்செலுத்தல் என்று மருத்துவமனை ஊசி போல ஏன் சொல்ல வேண்டும், ‘பீய்ச்சல்’ இருக்கும்போது? தனி இழை தொடங்குகிறேன்.
– மாம்பலம்