நம்ம வீடு குழு: நாளை அறுபதாம் கல்யாணம், திரை வரவில்லை

[மாலை 6:40] சின்னத் தம்பி: மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியது. அதிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துப் புரொஜெக்டரில் ‘சிக்னல் இல்லை’ என்று வருகிறது. அங்கே வர வேண்டிய படம் வாசல் டிவியில் ஓடுகிறது. எல்லாத் திரைக்கும் படம் அனுப்பும் கம்ப்யூட்டரில் (சர்வர்) வீடியோ கார்டு போய்விட்டது, புதுசு வாங்கணும் என்கிறார் மண்டபத்துக்காரர்.

[6:42] அத்தை: ஐயோ! உங்க அப்பத்தாவால் மாடி ஏறி மேடைக்கு வர முடியாதே. தாலி கட்டுவதை அந்தத் திரையில்தான் பார்க்கணும்.

[6:43] பெரிய தம்பி: அத்தை, பதறாதீங்க. டேய், கார்டின் பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு.

[6:47] சின்னத் தம்பி: (படம்) கார்டில் நாலு போர்ட் (கேபிள் குத்தும் இடம்): 1 மேடை, 2 சாப்பாட்டுக் கூடம், 3 வாசல். 4 காலி.

[6:49] பெரிய தம்பி: 2, 3 இரண்டின் கேபிளையும் ஒன்றுக்கொன்று மாற்றிக் குத்து. கோளாறு 2-ம் போர்ட்டிலேயே நின்றால் கார்டைச் சந்தேகப்படலாம். கேபிளோடு சேர்ந்து நகர்ந்தால் கார்டு நன்றாக இருக்கிறது.

[6:56] சின்னத் தம்பி: வாசல் டிவி 2-ல் பளிச்சென்று வருகிறது அண்ணா. புரொஜெக்டர் 3-லும் வரவில்லை.

[6:57] பெரிய தம்பி: அப்போது கார்டு பிழைத்தது. கேபிளைப் பழையபடி மாற்றிவிடு. புரொஜெக்டர் பக்கத்தில் எக்ஸ்டெண்டர் பெட்டி (படத்தைத் தூரத்துக்குக் கடத்துவது) இருக்குமே, அதில் விளக்கு எரிகிறதா?

[7:09] சின்னத் தம்பி: ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். எரியவில்லை. அதன் அடாப்டர் குத்தியிருக்கும் பிளக் ஜெனரேட்டர் லைனிலேயே இல்லை! புரொஜெக்டருக்கு மட்டும் லைன் கொடுத்திருக்கிறார்கள்.

[7:10] சித்தப்பா: சரி, அதற்கு ஏன் வாசல் டிவியில் படம் மாறுகிறது?

[7:14] பெரிய தம்பி: சித்தப்பா, ஒவ்வொரு திரையும் தன் அளவு, வேகம் எல்லாவற்றையும் எழுதிய ஒரு சீட்டைக் கார்டுக்கு அனுப்பும். இடிஐடி என்பார்கள். அதன் அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட். அதைப் படித்துத்தான் கார்டு படம் அனுப்பும். பெட்டி அணைந்ததும் சீட்டு வரவில்லை. சர்வர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருந்ததால், இரண்டே திரை என்று எண்ணி மறுபடி வரிசை போட்டுவிட்டது. வாசல் டிவி இரண்டாவதாகிவிட்டது.

[7:21] சின்னத் தம்பி: பிளக் மாற்றினேன். படம் வந்துவிட்டது!

[7:22] பெரிய தம்பி: அதோடு விடாதே. நாளை முகூர்த்த நேரத்தில் கரண்ட் போனால் இதே கதை. அது என்விடியா கம்பெனியின் தொழில்முறை கார்டு. கண்ட்ரோல் பேனலில் இடிஐடியைக் கோப்பாகச் சேமித்து அதே போர்ட்டில் ஏற்று. அப்புறம் திரை அணைந்தாலும் வரிசை கலையாது. மூன்றுக்கும் செய்.

[7:48] சின்னத் தம்பி: முடிந்தது. ஆனால் அப்பா அம்மா பழைய போட்டோ வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது.

[7:49] அக்கா: மூன்று வாரம் உட்கார்ந்து கோத்த வீடியோடா அது 😢

[7:51] பெரிய தம்பி: அதை சர்வரின் சொந்த டிஸ்கில் காப்பி செய்து ஓட்டிப் பார்.

[8:03] சின்னத் தம்பி: வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

[8:04] பெரிய தம்பி: அப்போது வீடியோ சர்வருக்கு வந்துசேரும் நெட்வொர்க்கில்தான் கோளாறு. சர்வரில் இணைப்பு வேகம் எவ்வளவு காட்டுகிறது?

[8:06] சின்னத் தம்பி: 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்).

[8:08] பெரிய தம்பி: 1000 இருக்கணும். அக்காவின் 4கே வீடியோவே 150 எம்பிபிஎஸ். 100-க்கு நெட்வொர்க் கேபிளுக்குள் உள்ள எட்டில் 4 கம்பி போதும், 1000-க்கு எட்டும் தொட வேண்டும். கேபிள் முனையைப் பார்.

[8:15] சின்னத் தம்பி: (படம்) கிளிப் உடைந்து டேப் சுற்றியிருக்கிறது. பழுப்புக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வேறு கேபிள் போட்டேன், 1000 வந்துவிட்டது.

[8:40] சின்னத் தம்பி: மெயினை வேண்டுமென்றே இரண்டு முறை அணைத்துப் பார்த்தோம். எந்தத் திரையும் இடம் மாறவில்லை.

[8:42] அத்தை: நல்லா இருங்க பிள்ளைகளா. அப்பத்தாவுக்கு நாற்காலி எங்கே போடுவது?

[8:43] சின்னத் தம்பி: மூன்றாவது வரிசை ஓரம், அத்தை. மின்விசிறிக்கு நேர் கீழே போடவில்லை.