கம்பெனியில் விரல் போனது, இப்போது ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மல்லிகா_ஓசூர் | 28 ஜூலை 2024

எல்லோருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் (தகட்டை அழுத்தி வடிவமாக்கும் மிஷின்) ஆபரேட்டர். நான்கு வருஷம் இரண்டு மாதம் சர்வீஸ். ஜூன் 11, நைட் ஷிஃப்ட். டையில், அதாவது மிஷினின் அச்சில், சிக்கிய தகட்டை எடுக்கக் கையை விட்டபோது பிரஸ் இறங்கிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. சென்சார் சரியில்லை என்று இரண்டு வாரமாகவே மிஷினைச் சரிபார்க்கும் செட்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஆபரேஷன் எல்லாம் ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பார்த்தார்கள், செலவு இல்லை. ஆனால் வீட்டில் இருக்கிற நாட்களுக்கு வர வேண்டிய பணம் ஒரு ரூபாய்கூட வரவில்லை. கிளை அலுவலகத்தில் கேட்டால், கம்பெனியிலிருந்து விபத்து ரிப்போர்ட் வரவில்லை என்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை ஹெச்.ஆர். வீட்டுக்கே வந்தார். டைப் அடித்த ஒரு தாள். "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன், என் கணக்கு முழுவதும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருந்தது. தேதி போடும் இடம் காலி. 50,000 ரூபாய்க்குச் செக் காட்டினார். கையெழுத்துப் போட வராது, இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்று மை டப்பாவும் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அண்ணன் வரட்டும், கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டேன்.

இவர் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். மகனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும், வாடகை இரண்டு மாதம் நிற்கிறது. சம்பளம் 18,000. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

ரவி_85 | 28 ஜூலை

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள், பணத்தை வாங்கிவிடுங்கள். என் சித்தப்பா கேஸ் போட்டு ஆறு வருஷம் அலைந்தார். கம்பெனியிடம் வக்கீல் இருக்கிறார், நம்மிடம் என்ன இருக்கிறது? கையில் வருவதை விட வேண்டாம்.

பழைய_பிரஸ்காரன் | 28 ஜூலை

தங்கச்சி, ரேகை வைக்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கும் பிரஸ்ஸில்தான் போனது. கோயம்புத்தூர்ப் பக்கம், இரண்டு விரல், 17 வருஷம் ஆகிறது. அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

டூட்டியில் அடிபட்டவருக்கு ஈ.எஸ்.ஐ.யில் இரண்டு கட்டமாகப் பணம் உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குத் தற்காலிக ஊனப் பலன், அதாவது தினச் சம்பளத்தில் 90 சதவீதம். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு இதற்குக் கிடையாது. சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு. காயம் ஆறி முடிந்த பிறகு மெடிக்கல் போர்டு கையைப் பார்த்துச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று சதவீதம் போடும். அதன்படி நிரந்தர ஊனப் பலன் ஆயுள் முழுக்க வரும்.

சட்டத்தின் அட்டவணையிலேயே விரல் வாரியாக எழுதியிருக்கிறது. ஒரு கையில் இரண்டு விரல் போனால் 20, மூன்று போனால் 30, நான்கும் போனால் 50. உங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று. தினச் சம்பளம் 600 என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 540. அதில் 30 சதவீதம் 162. ஒரு நாளைக்கு 162 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 59,130. ஹெச்.ஆர். காட்டிய செக்கைவிட முதல் வருஷத்துப் பணமே அதிகம். அப்புறம் அவர் வேறு எங்கே வேலைக்குப் போனாலும் இது நிற்காது. நான் இப்போது ஒரு பம்ப் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன், சம்பளமும் வாங்குகிறேன், அதுவும் வருகிறது.

இந்தப் பணத்தை ஈ.எஸ்.ஐ. தருகிறது, கம்பெனி தருவதில்லை. "கோரிக்கை இல்லை" என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும் இது போகாது. ஆனால் அந்தத் தாளை வைத்து வேறு பலதும் போகும், அதை விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது விபத்து ரிப்போர்ட்தான். ஃபார்ம் 12 என்பார்கள், கம்பெனிதான் அனுப்ப வேண்டும். அதில் எந்த மிஷின், எத்தனை மணி, கூட யார் இருந்தார்கள் என்று இருக்கும். என் கம்பெனியில் "மிஷினைச் சுத்தம் செய்யும்போது, டூட்டி நேரத்துக்கு வெளியே" என்று எழுதப் பார்த்தார்கள். பக்கத்து மிஷினில் இருந்த பையன் ஒருவன் துணிந்து சாட்சி சொன்னான், அதனால் பிழைத்தேன். அவன் இல்லாவிட்டால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்று ஷிஃப்டில் இருந்தவர்களின் பெயர், போன் நம்பரை இன்றே எழுதி வையுங்கள். ஆறு மாதம் போனால் பாதிப் பேர் வேறு ஊரில் இருப்பார்கள்.

தொழிலாளர்_வழக்கு | 29 ஜூலை

லேபர் கோர்ட் வழக்குகளை நீண்ட காலமாகப் பார்த்து வருகிறேன். மேலே சொன்னது சரி. அந்தத் தாளால் என்ன போகும் என்பதை மட்டும், இப்போது (2024) நடப்பில் இருக்கும் சட்டங்களின்படி சேர்க்கிறேன்.

தற்காலிக ஊனப் பலன் பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று ஈ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவு சொல்கிறது. நீக்க முடியாததால்தான் தானாக விலகியதாக எழுதி வாங்கப் பார்க்கிறார்கள். தேதி காலியாக இருப்பதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். தேவையான தேதியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

கம்பெனி தானே ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடிந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ராஜினாமா என்றால் இரண்டும் இல்லை. ஈ.எஸ்.ஐ.யின் வேலையிழப்புப் படியும் தானாக விலகியவருக்குக் கிடையாது. "தொடர்ந்த உடல்நலக் குறைவு" என்ற காரணத்தில் நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது என்று கம்பெனித் தரப்பு வாதிடும், அதையும் எதிர்பாருங்கள். விரல் இழந்தது உடல்நலக் குறைவா என்பதை வாதாட இடம் இருக்கிறது.

பலரும் கோட்டை விடுவது கிராஜுவிட்டியில், அதாவது வேலையை விட்டுப் போகும்போது சர்வீஸுக்காகக் கம்பெனி தரும் மொத்தத் தொகையில். ஐந்து வருஷம் ஆகவில்லை, கிடையாது என்பார்கள். ஊனத்தால் வேலை போனால் ஐந்து வருஷக் கணக்கு வேண்டாம் என்று 1972ஆம் வருஷச் சட்டத்திலேயே இருக்கிறது. முன்பு செய்த வேலையைச் செய்ய முடியாமல் போவதைத்தான் அந்தச் சட்டம் ஊனம் என்கிறது. முழு ஊனம் வேண்டியதில்லை. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்றால், 12,000 பெருக்கல் 15 (நாள்) பெருக்கல் 4 (வருஷம்), வகுத்தல் 26 (மாத வேலை நாள்): ஏறக்குறைய 27,690 ரூபாய். "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இதைக் கேட்டால், உங்கள் தாளையே எடுத்து நீட்டுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி சம்பளம் குறையாமல் மாற்று வேலை தந்தே ஆக வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 20ஆம் பிரிவில் இருக்கும் அந்தப் பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கு. அரசுப் பேருந்து ஓட்டுநருக்கு உண்டு, தனியார் பிரஸ் ஷாப்புக்கு அப்படியே பொருந்தாது. லைட் டூட்டி கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், ஆனால் அதையே நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ரவி தம்பி சொன்ன அலைச்சல் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் ஊனப் பலனுக்கு வழக்குப் போட வேண்டியதில்லை. நீக்கிவிட்டால் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு. 45 நாளில் தீராவிட்டால் நேராக லேபர் கோர்ட். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தொழிலாளி என்ற தகுதியிலேயே இலவசச் சட்ட உதவி உண்டு, 15100க்குக் கூப்பிடுங்கள்.

மல்லிகா_ஓசூர் | 29 ஜூலை

இரண்டு பேருக்கும் நன்றி. ரவி தம்பி, நீங்கள் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள், தெரியும். பிரஸ்காரர் அண்ணா, மெடிக்கல் போர்டில் என்ன கேட்பார்கள்? இவர் யார் கேட்டாலும் "பரவாயில்லை, சமாளித்துக்கொள்கிறேன்" என்றுதான் சொல்வார்.

பழைய_பிரஸ்காரன் | 29 ஜூலை

அங்கே அதை மட்டும் சொல்ல வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். என்னைக் கையை மூடச் சொன்னார்கள், மேஜையிலிருந்து நாணயத்தை எடுக்கச் சொன்னார்கள், பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள். நானும் ரோஷப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நாணயத்தை எடுத்துக் காட்டினேன். டாக்டர் "பரவாயில்லையே" என்றார். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. எடுக்க முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்ல வேண்டும். வலி இருந்தால், குளிரில் மரத்துப்போனால், சட்டைப் பொத்தானுக்கு நீங்கள் கை கொடுக்க வேண்டியிருந்தால், எல்லாவற்றையும் சொல்லட்டும். டிஸ்சார்ஜ் தாள், எக்ஸ்ரே, ஃபார்ம் 12 நகல், மூன்றையும் ஒரே கவரில் எடுத்துப் போங்கள். சதவீதம் குறைவாகத் தோன்றினால் அப்பீல் உண்டு, காலக்கெடுவும் உண்டு. தாள் கைக்கு வந்த வாரமே போய்க் கேளுங்கள்.

மல்லிகா_ஓசூர் | 24 ஆகஸ்ட் 2024

நடந்ததைச் சொல்ல வேண்டும். 31ஆம் தேதி கம்பெனிக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, லெட்டர் அனுப்பினோம். விபத்து நடந்த நேரம், மிஷின், கூட இருந்த இரண்டு பேர், ஃபார்ம் 12 அனுப்பச் சொல்லிக் கோரிக்கை, வேறு ஒரு வார்த்தை இல்லை. நகலைக் கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கினேன். ஒன்பதாம் நாள் கம்பெனி ரிப்போர்ட் அனுப்பிவிட்டது. டூட்டி நேரம் என்றே எழுதியிருக்கிறார்கள். இந்த வாரம் முதல் தவணைப் பணம் வங்கியில் ஏறிவிட்டது, வாடகை கொடுத்துவிட்டோம். ஹெச்.ஆர். மறுபடி இரண்டு தடவை போன் செய்தார். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் சார் என்றேன். அதற்குப் பிறகு போன் இல்லை.

இவர் ஒரு மாதமாக மகனுடைய பழைய நான்கு கோடு நோட்டில் இடது கையால் எழுதிப் பழகுகிறார். கிளை அலுவலகத்தில் படிவம் கொடுத்தபோது மை டப்பாவை நகர்த்தினார்கள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முழுப் பெயர், அரைப் பக்கம் நீளம், கோணலாக.

போர்டுக்கு இன்னும் தேதி வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன் அண்ணா.