ஒன்றையொன்று பார்க்காத கேமராக்களை இணைப்பது: குமரி மாவட்ட அனுபவங்கள்

வடசேரி டெக்னீசியன்:

பஸ் ஸ்டாண்ட் வாசலில் ஒரு கேமரா, மார்க்கெட் முக்கில் இன்னொன்று. நடுவில் 120 மீட்டர் எந்தக் கேமராவிலும் விழாது. முதலாவதில் வெளியேறும் கூட்டம் இரண்டாவதில் எந்த ஓரத்தில், எவ்வளவு நேரம் கழித்துத் தலைகாட்டும் என்பதை மெஷின் தானாகக் கற்க வேண்டும். இதற்கு முகம் வேண்டாம், நேரம் வேண்டும். அதனால் கடிகாரத்தைச் சரிசெய்யாமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

ரெக்கார்டருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் 20 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 20 பங்கு) தவறினாலே நாளுக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல் விலகும். ஒரு என்.வி.ஆர். (கேமராப் படத்தைப் பதியும் ரெக்கார்டர்) முந்தி, மற்றொன்று பிந்தினால் வித்தியாசம் 100 நொடியைத் தாண்டும். 120 மீட்டரை ஆள் நடந்து கடப்பதே ஏறக்குறைய 100 நொடிதான்! எல்லா ரெக்கார்டரையும் ஒரே என்.டி.பி. சர்வரில் (நெட்வொர்க் வழியே சரியான நேரம் தரும் கம்ப்யூட்டர்) கட்டுங்கள். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர் போதும். இன்டர்நெட் இல்லாத இடத்தில் ஒரு ரெக்கார்டரிடம் மற்றவை நேரம் கேட்கட்டும். எல்லாம் சேர்ந்து ஒரே அளவு தவறினால் கணக்குக்குப் பாதகமில்லை. சரிபார்க்க, நொடி ஓடும் மொபைலை ஒவ்வொரு கேமரா முன்னும் காட்டி, படத்தில் பதிந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். கம்ப்யூட்டரில் படம் வந்து சேர்ந்த நேரத்தை எடுக்கவே கூடாது. நெட்வொர்க் நெரிசலில் அது கூடிக் குறையும்.

தக்கலை, இமேஜ் பிராசஸிங்:

அண்ணன் சொன்னது முடிந்த பிறகு செய்ய வேண்டியது இது. படத்தை 320×240 பிக்சலுக்கு (படப்புள்ளி) சுருக்குங்கள். நொடிக்கு 2 ஃப்ரேம் (படம்) தாராளம். லண்டன் சுரங்க ரயில் நிலையப் பதிவுகளை வைத்து லாய், ஷியாங், காங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2009-இல் காட்டிய முறை நொடிக்கு ஒரு ஃப்ரேம்கூட இல்லாத படத்திலேயே வேலை செய்தது. படத்தை 10×10 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பிக்சல் அசைகிறது என்று எண்ணுங்கள். சேர்ந்தே ஏறி இறங்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களை ஒரு பகுதியாக்குங்கள். நடைபாதை ஒரு பகுதி, ஆட்டோ நிற்கும் இடம் ஒரு பகுதி என்று அதுவாகவே பிரிந்து வரும். கையால் கோடு போட்டுப் பிரிப்பதைவிட இது பெரும்பாலும் நன்றாக அமையும்.

ஓப்பன்சிவி என்ற இலவச இமேஜ் மென்பொருள் தொகுப்பில் அசைவைப் பிரித்தெடுக்கும் மாக்2, நிழலுக்கு 127 என்றும், அசையும் பொருளுக்கு 255 என்றும் மதிப்புக் கொடுக்கும். சுழியம் அல்லாததையெல்லாம் எண்ணினால் மாலை நிழலும் ஆளாகிவிடும். 200-க்கு மேல் உள்ளதை மட்டும் எடுங்கள். நம் ஊரில் தென்னை ஓலை ஆடாத ஃப்ரேம் அபூர்வம். ஓலையும் கடலலையும் தெரியும் கட்டங்களை முதலிலேயே மறைத்துவிடுங்கள். இரவில் ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்கைச் சுற்றும் பூச்சியும் லென்ஸ் ஓரத்துச் சிலந்தியும் பெரிய கூட்டமாகவே கணக்கில் ஏறும்.

பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் 2 நொடிக்கு ஓர் எண் வரும்படி வரிசை தயாரித்து, ஒன்றை மற்றதன் மேல் -300 முதல் +300 நொடி வரை நகர்த்திக் கோரிலேஷன் (இரண்டும் எவ்வளவு ஒத்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) பாருங்கள். உச்சி எங்கே விழுகிறதோ அதுதான் இடைவெளி நேரம். உச்சி மைனஸ் பக்கம் வந்தால் கூட்டம் எதிர்த் திசையில் நடக்கிறது. இரண்டு உச்சி வந்தால் பயப்பட வேண்டாம். அதே 120 மீட்டரை மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் ஆட்டோ 22 நொடியில் கடந்துவிடும். ஒன்று வண்டி, மற்றது நடை.

கன்னியாகுமரி, கண்ட்ரோல் ரூம்:

உச்சி வந்தாலே உறவு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. சூரிய உதயத்துக்குக் கடற்கரை முழுவதும் ஒரே சமயத்தில் நிறைகிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு தெருக்கூட அப்போது ஒன்றாக ஏறும். ஆகவே பல நாள்களின் அதே நேரச் சராசரியைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் ஒப்பிடுங்கள். சரியாக 0 நொடியில் கூர்மையான உச்சி வந்தால் சந்தேகப்படுங்கள். மழை, வோல்டேஜ் ஆட்டம், அந்தியில் எல்லாக் கேமராவும் கறுப்பு வெள்ளைக்கு மாறுவது, இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும்.

படகுத்துறை கற்றுக்கொள்ள அருமையான இடம். படகு வந்ததும் ஆள்கள் கொத்தாக இறங்குவதால் உச்சி தெளிவாக எழும். ஆனால் படகு 15 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 15, 30, 45 நிமிடங்களிலும் பொய் உச்சி வரும். தேடும் நேரத்தை அந்த இடைவெளியின் பாதிக்குள் வையுங்கள்.

உடை நிறத்தை வைத்து ஆளைச் சேர்க்கும் திட்டம் கார்த்திகை, மார்கழியில் இங்கே எடுபடாது. ஐயப்ப பக்தர்கள் பெரும்பாலும் கறுப்பும் நீலமும்தான். அந்த மாதங்களில் நேரத்தை மட்டுமே நம்ப வேண்டும்.

குளச்சல், நெட்வொர்க்:

எவ்வளவு உயர்ந்தால் உண்மை உச்சி? அளவை எங்கே வைக்கிறீர்கள்?

தக்கலை, இமேஜ் பிராசஸிங்:

திங்கள்கிழமையின் முதல் கேமராவைச் செவ்வாய்க்கிழமையின் இரண்டாவது கேமராவோடு ஒப்பிடுங்கள். அங்கே உறவு இருக்கவே முடியாது. இப்படி நாள்களை மாற்றி மாற்றி 100 முறை ஓட்டி, கிடைத்த உச்சிகளில் பெரியதைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்மையான ஜோடி அதைத் தாண்டினால் மட்டும் ஏற்கலாம். ரயில்வே கேட் மாதிரி இடங்களில் ஒரு பக்கம் கூடும்போது மறுபக்கம் சில சமயம் குறையும், சில சமயம் கூடும். அங்கே கோரிலேஷன் மழுங்கிவிடும். நேரம் தள்ளிய மியூச்சுவல் இன்ஃபர்மேஷனை (ஒன்றைத் தெரிந்தால் மற்றதை எவ்வளவு ஊகிக்கலாம் என்ற அளவு) எடுங்கள். டேட்டா குறைவாக இருந்தால் அது இல்லாத உறவையும் காட்டும். ஞாயிறும் வேலைநாளும் கலந்த இரண்டு வாரமாவது வேண்டும்.

வடசேரி டெக்னீசியன்:

ஓர் உறவு திடீரென்று காணாமல் போனால் தெருவில் அசம்பாவிதம் என்று உடனே அலாரம் அடிக்காதீர்கள். கேமரா காற்றில் திரும்பியிருக்கிறதா, லென்ஸில் உப்புப் படிந்திருக்கிறதா, என்.டி.பி. அறுந்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். ஒரு கேமராவின் எல்லா உறவுகளும் ஒரே அளவு நொடி நகர்ந்திருந்தால் கோளாறு கடிகாரத்தில். ஒரு பகுதியின் உறவு மட்டும் போயிருந்தால்தான் தெருவைப் போய்ப் பார்க்க வேண்டும்: பாதை மறித்திருப்பார்கள், அல்லது புதிதாகக் கடை வந்திருக்கும். கேமராவைத் திருப்பி வைத்தால் பகுதிப் பிரிப்பிலிருந்தே மறுபடி கற்பிக்க வேண்டும். பழைய கட்டங்கள் இப்போது வேறு இடத்தைப் பார்க்கின்றன.