ஸ்லைட் போட்டால் பிள்ளைகள் குனிந்து எழுதுகிறார்கள், என்ன செய்யலாம்?

வணக்கம் ஆசிரியர்களே. கிளிநொச்சிப் பக்கம் தரம் 8 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நேற்று ஒளித்தொகுப்பை பவர்பாயிண்டில் காட்டினேன். ஸ்லைட் மாறுவதற்குள் எழுதி முடிக்க வேண்டுமென்று எல்லாரும் கொப்பிக்குள் குனிந்தபடி. நான் சொன்னது ஒருவருக்கும் ஏறவில்லை. பின்வாங்கில் ஒரு பிள்ளை கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தது மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஜன்னலுக்குத் திரைச்சீலை இல்லை, பத்து மணி வெயிலில் எழுத்து வெளிறிப்போகிறது.

இப்போது எழுத்தை 32க்குக் கூட்டி, ஸ்லைடுக்கு ஒரு படம் மட்டும் வைக்கிறேன். விளக்கும்போது ‘B’ விசையை அழுத்தித் திரையைக் கறுப்பாக்கினால் முகங்கள் என் பக்கம் திரும்புகின்றன. சரி, குறிப்பு எழுத எப்போது விடுகிறீர்கள்? இடையிலா, கடைசியிலா?

பிறகு, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் செய்த ஸ்லைட்கள் பள்ளிக்கூட மடிக்கணினியில் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன. எந்தக் கணினியிலும் தமிழாகத் தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றியவர்கள் வழி சொல்லுங்கள். திங்கட்கிழமை அடுத்த பாடம்.