மூவருக்கும் ஒரே பயிற்சி பொருந்துமா?

கேள்வி:
வணக்கம். அம்மாவுக்கு 68 வயது. முழங்கால் தேய்மானத்தோடு எலும்பு அடர்த்தியும் குறைந்திருக்கிறது. 72 வயதாகும் அப்பா இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை உண்டு. எனக்கு நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்து இடுப்பு வலி. மூவரும் சேர்ந்தே செய்யலாம் என்று ஒரு காணொளியைப் பார்த்துத் தொடங்கினோம். மூன்றாம் நாள், குனிந்து கால்விரலைத் தொட்டபோது அம்மாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அப்பாவோ முடித்த சற்று நேரத்தில் வியர்த்துக் கை நடுங்கிச் சாய்ந்துவிட்டார்; சர்க்கரை 64 காட்டியது. வீட்டிலேயே பாதுகாப்பாகச் செய்ய வழி உண்டா?

பதில் 1:
நான் இயன்முறை மருத்துவத் துறையில் இருப்பவள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள் முதுகை வளைத்துக் குனிவதையும், இடுப்பைச் சட்டென்று திருப்புவதையும் தவிர்க்க வேண்டும். முதுகெலும்பின் முன்பக்கம் அழுத்தம் கூடி, அது நசுங்கி முறிய வாய்ப்புண்டு. எனவே அம்மாவின் முதுகு வலியைத் தசைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்யாமல், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் சரி என்றபின், முழங்காலுக்கு நாற்காலியே போதும். கைப்பிடி உள்ள, சக்கரமில்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எழுந்து, பிறகு மெதுவாக உட்காரச் சொல்லுங்கள். தொப்பென்று விழுவதுபோல் உட்கார்ந்தால் பயன் பாதிதான். இருக்கை தாழ்வாக இருந்தால் மூட்டில் சுமை கூடும், கெட்டியான மெத்தை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். செய்யும்போது இலேசான வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் அது கூடுதலாகவே இருந்தால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

பதில் 2:
பல ஆண்டுகளாக இன்சுலின் போடுபவன் என்ற முறையில் அப்பாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயிற்சிக்கு முன் சர்க்கரையைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஏதேனும் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 70-க்குக் கீழே இறங்கிவிட்டால், உடனே 15 கிராம் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அவர் தொடையில் ஊசி போடுகிறாரா என்று கேளுங்கள். போட்ட கையோடு காலுக்கு வேலை கொடுத்தால் இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். பயிற்சியின் விளைவு பல மணி நேரம் நீடிப்பதால் இரவில் சர்க்கரை இறங்கவும் கூடும். மருந்தின் அளவை மட்டும் தாமாகக் குறைக்க வேண்டாம், அது மருத்துவரின் வேலை. இரத்த அழுத்த மாத்திரை பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து) வகையா என்றும் கேளுங்கள், ஏனெனில் அது சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைக்கக்கூடும்; நாடித்துடிப்பை வைத்து வேகத்தை அளப்பதும் சரிவராது. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே மிதமான வேகம். மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கக் கூடாது, அழுத்தம் எகிறும். நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

பதில் 3:
உங்கள் இடுப்புக்கு, அரை மணிக்கொரு முறை எழுந்து நடப்பதே பாதி மருந்து. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி ஐந்து எண்ணும்வரை நிறுத்தும் பயிற்சி பலருக்கும் ஒத்துக்கொள்கிறது. கால் மரத்துப்போனாலோ சிறுநீர் கட்டுப்பாடு குறைந்தாலோ பயிற்சியைத் தேடிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சேர்ந்து செய்வதை விட்டுவிட வேண்டியதில்லை. ஒரே அறையில், ஒரே நேரத்தில், அவரவருக்கு உரியதைச் செய்யலாம்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் விசாரித்தேன்: அன்று தொடையில்தான் ஊசி போட்டிருக்கிறார், அதுவும் தொடங்குவதற்குச் சற்று முன்பு. அம்மாவை நாளை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறேன்; அதுவரை அந்தக் காணொளியை நிறுத்திவிட்டோம்.