குழந்தைகளின் சோதனைக் கோப்புகளை ஒரே தரவுத்தளமாக்கலாமா? (சேலம்)

அஸ்தம்பட்டி உளவியலாளர்:
நுண்ணறிவு, வாசிப்புச் சோதனை செய்யும் எங்கள் சிலரிடம் பழைய கோப்புகள் அலமாரி கொள்ளாமல் கிடக்கின்றன. பெயர், முகவரியை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் ஆய்வுக்கான ஒரே தரவுத்தளமாக்க நினைக்கிறோம். எந்தப் பிள்ளை உண்மையிலேயே தடுமாறுகிறது என்று நம் ஊர்க் கணக்கை வைத்தே சொல்லலாம். கருத்துச் சொல்லுங்கள்.

ஏற்காடு டீச்சர்:
வேண்டாம் சார். காப்பித் தோட்டத்து மாணவன் ஒருவனைச் சோதனைக்குக் கீழே அழைத்துப் போனார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டு, அந்த முகத்தோடு போய் உட்கார்ந்தான். வந்த நுண்ணறிவு எண் 78. மூன்று மாதம் கழித்துத்தான் அவனுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்று கண்டுபிடித்தோம். கண்ணாடி போட்டதும் படிக்கிறான். உங்கள் தரவுத்தளத்தில் அவன் என்றைக்கும் 78தானே?

அஸ்தம்பட்டி உளவியலாளர்:
கண், காது பரிசோதனைக்குத் தனிப் பத்தி வைப்போம். அது காலியாக இருந்தால் அந்தப் பதிவு ஆய்வுக்குள் வராது. எண்ணை மட்டும் வைப்பதும் தவறு. குழந்தைகளுக்கு நாங்கள் இன்றும் எடுக்கும் மாலின் நுண்ணறிவுச் சோதனை 1969இல் நாக்பூரில் வந்தது. எந்தச் சோதனை, எந்த மொழியில், வயதுக்கேற்ப மாற்றுவதற்கு முந்தைய மதிப்பெண் என்ன, எல்லாம் வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை:
கொலுசு நிறுக்கும் மின்னணுத் தராசுக்கே வருடா வருடம் முத்திரை வாங்குகிறோம். பிள்ளைகளின் அறிவை நிறுக்க 1969 தராசா?

அம்மாப்பேட்டை அம்மா:
நான் ஆதரிக்கிறேன். என் மகனைச் சோம்பேறி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்ததால்தான் சான்றிதழ் கேட்க வழி பிறந்தது. 'பழம்' என்பதைப் 'பலம்' என்று எழுதுவான். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் என்றார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு வரி வாசிக்க எழுத்து எழுத்தாக விரல் வைத்து நகர்வான். மற்றவர்கள் பக்கத்தையே திருப்பியிருப்பார்கள். பிழையை எண்ணாதீர்கள், நேரத்தைக் குறித்து வையுங்கள்.

ஏற்காடு டீச்சர்:
அக்கா சொல்வது நியாயம். என் கவலை வேறு. எங்கள் நான்காம் வகுப்பில் ஆறே பேர். 'ஒன்பது வயது, தோட்டத் தொழிலாளி மகன், கண்ணாடி' என்றால் மலைக்கே தெரியும், பெயர் எதற்கு? 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லாரையும் குழந்தை என்கிறது. பெற்றோர் அன்று கையெழுத்துப் போட்டது பிள்ளையைப் பார்க்கத்தான், ஆய்வுக்கு அல்ல.

அஸ்தம்பட்டி உளவியலாளர்:
ஊருக்குப் பதில் வட்டம், பிறந்த தேதிக்குப் பதில் வயது. ஒரு பிரிவில் ஐந்து பேருக்குக் குறைந்தால் வெளியிட மாட்டோம். பழைய கோப்புகளுக்குப் பெற்றோரிடம் மறுபடி சம்மதம் கேட்கிறோம். ஏழு வயது தாண்டிய பிள்ளையிடமும் கேட்போம். கிடைக்காவிட்டால் கோப்பு அலமாரியிலேயே இருக்கட்டும்.

அம்மாப்பேட்டை அம்மா:
என் மகன் கோப்புக்கு நாளையே கையெழுத்துப் போடுகிறேன்.

ஏற்காடு டீச்சர்:
நீங்கள் படித்துப் பார்த்துப் போடுவீர்கள் அக்கா. என் மாணவனின் அம்மா கைநாட்டு. படிவத்தை அவருக்கு யார் படித்துக் காட்டுவது, சோதனை எடுத்தவரேவா?