திட்ட விலக்கக் கணக்கில் சராசரியே தப்பு: எத்தனை மதிப்பெண் போடலாம்?

நீலமை:
பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு விடைத்தாள்களை மூன்று பேர் பிரித்துத் திருத்துகிறோம். 5 மதிப்பெண் வினா: 8, 12, 15, 19, 21 ஆகியவற்றின் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியுள்ளன என்ற அளவு) காண்க. ஒரு பிள்ளை கூடுதலை 75-க்குப் பதில் 70 என்று போட்டு, சராசரி 14 என எழுதிவிட்டது. விலக்கங்கள் (எண் − சராசரி) −6, −2, 1, 5, 7. வர்க்கங்களின் கூடுதல் 115. அதை 5-ஆல் வகுத்து √23, விடை 4.80. சரியான விடை √22, அதாவது 4.69. இந்த ஒரே தாளுக்கு ஒருவர் 1, ஒருவர் 3, நான் 4 போட்டோம். எது நியாயம்? மூவரும் ஒரே மாதிரி திருத்த என்ன செய்யலாம்?

படிவிலக்கம்:
4-தான் சார். முதலில் 5 மதிப்பெண்ணை உடைத்து எழுதிக்கொள்ளுங்கள்: சராசரிக்கு 1, விலக்க நிரலுக்கு 1, வர்க்க நிரலுக்கும் கூடுதலுக்கும் 1, சூத்திரத்தில் பிரதியிட்டதற்கு 1, விடைக்கு 1. அந்தப் பிள்ளை தவறியது கூட்டலில் மட்டும். அதற்கு அங்கேயே 1 போய்விட்டது. பிறகு 14-ஐ வைத்துச் செய்த ஒவ்வொரு படியும் சரி. விடை விடைக்குறிப்போடு ஒத்துப்போகவில்லை என்று மேலும் குறைத்தால், ஒரே தப்புக்கு இரண்டு முறை தண்டனை.

இதற்கு எல்லையும் உண்டு. இரண்டாவது தப்பு வந்தால் (115-க்குப் பதில் 105 என்று கூட்டினால்) அந்தப் படிக்கும் 1 குறையும். நடக்கவே முடியாத விடை வந்தால், உதாரணமாக நிகழ்தகவு 1-ஐத் தாண்டினாலோ விலக்க வர்க்கச் சராசரி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) குறை எண்ணாக வந்தாலோ, முந்தைய படிகள் சரியாக இருந்தாலும் விடைக்கான 1 கிடையாது. அதைப் பார்த்ததும் பிள்ளைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கூட்டிப்பார்:
மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் 4 போடுமுன் அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள். 14-ஐ ஊகச் சராசரி (கணக்கை எளிதாக்க நாமே எடுத்துக்கொள்ளும் எண்) என்று எடுத்திருந்தால் அது தப்பே இல்லை. விலக்கங்களின் கூடுதல் 5. 115/5-இலிருந்து (5/5)²-ஐக் கழித்தால் 22, விடை 4.69. முழு 5 மதிப்பெண். "சராசரி 15" என்ற வரியைத் தேடிக் காணாமல் 1 குறைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது அநியாயம். விடைக்குறிப்பில் எல்லா முறைகளையும் எழுதி வையுங்கள்.

இன்னொன்று: சிலர் விலக்கங்களை முதலில் கூட்டிவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்துவார்கள். சரியான சராசரி 15-ஐ வைத்தால் −7, −3, 0, 4, 6-இன் கூடுதல் பூச்சியம், ஆகவே திட்ட விலக்கமும் பூச்சியம் என்று முடிப்பார்கள். இது கைப்பிழை அல்ல, கருத்தே பிடிபடவில்லை. சராசரிக்கும் விலக்க நிரலுக்கும் 2 போட்டு நிறுத்திவிடலாம்.

கூர்ந்தாய்வு:
அளவுகளை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

√22-க்கு 4.69, 4.7 இரண்டும் ஏற்கலாம். √22 என்று விட்டுவிட்டாலும், வினாவில் தசமம் கேட்காதவரை ஏற்கலாம். 4.6 என்று வெட்டியிருந்தால் என்ன என்பதை ஒருவராக முடிவு செய்யாமல் மூவரும் பேசிக் குறிப்பில் எழுதுங்கள். மாறுபாட்டுக் கெழு (திட்ட விலக்கம் ÷ சராசரி × 100) கேட்டிருந்தால் 4.69-ஐ வைத்தால் 31.27%, 4.7-ஐ வைத்தால் 31.33%, 31.2 முதல் 31.4 வரை ஏற்கலாம். சரியான வர்க்கக் கூடுதல் 110-ஐ 5-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுத்து 5.24 என்று வந்தால், நம் பாடநூல் சூத்திரப்படி அது பிழை. பிரதியிடலுக்கான 1 மட்டும் குறையும். நிகழ்தகவில் 6/36-ஐச் சுருக்கவில்லை என்று குறைக்கவே கூடாது, வினா கேட்டிருந்தால் தவிர.

செய்முறை: ஆறு தாள்களை நகலெடுத்து, மூவரும் பேசாமல் தனித்தனியாகத் திருத்துங்கள். வித்தியாசம் வரும் இடத்தில்தான் விடைக்குறிப்பில் ஓட்டை இருக்கிறது. அதை அடைத்த பிறகே விடைத்தாள் கட்டைத் தொடுங்கள். தாள் தாளாக வேண்டாம், ஒரு வினாவை எல்லாத் தாளிலும் ஒருவரே திருத்தட்டும். அடுத்த வினாவுக்குப் போகுமுன் கட்டைக் கலைத்துப் போடுங்கள். நல்ல தாளுக்கு அடுத்து வருகிற சுமாரான தாள் இன்னும் மோசமாகத் தெரியும். மொத்தக் கூட்டலைத் திருத்தாத ஒருவர் சரிபார்க்கட்டும்.

நீலமை:
ஊகச் சராசரி விஷயத்தை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, நன்றி. ஏற்கெனவே 60 தாள் முடிந்துவிட்டதே?

கூர்ந்தாய்வு:
அந்த 60-லும் இந்த ஒரு வினாவை மட்டும் மறுபடி பாருங்கள். 5-உம் 0-உம் வாங்கியவற்றை வேகமாகத் தள்ளலாம், 1 முதல் 4 வரை உள்ளவற்றில்தான் மாறும். பழைய மதிப்பெண்ணை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் புதியதை எழுதிக் கையொப்பமிடுங்கள். முகப்புப் பக்க மொத்தத்தையும் மாற்ற மறக்காதீர்கள், பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.